பேஸ் கிட்டார் வாசித்தது நான்

1

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். மிச்சிகனில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சாப்பாட்டு அறை ஒன்று உண்டு. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். மகள் ஜெனி ஒரு இணைப்பை அனுப்பியிருந்தாள். அவள் வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். வாரத்தில் ஒரு முறை பேசினால் பெரிது. அவளாக எதையாவது அனுப்புவது அதைவிட அபூர்வம். ஆங்கிலத்தில்தான் எழுதுவாள். "அம்மா, இது உங்கள் ஊர்க்காரர்களாம். இரண்டு வாரமாக இதையேதான் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தாள்.

காதில் மாட்டிக்கொண்டு தட்டினேன். கிட்டார் தொடங்கியது. யாருடைய விரல்கள் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. வின்சென்ட் செத்துப்போய் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. கையில் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். டிரம்ஸ் வந்தது, குமரேசன். அடியில் பேஸ் வந்தது, நான். பாட்டின் பாதியில் ஒரு பெண் குரல் கேட்டது. அதுவும் நான்தான்.

கீழே நீளமாக ஒரு கட்டுரை. பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிப் பிடித்து இசைத்தட்டாகப் போடும் ஒரு சின்ன அமெரிக்கக் கம்பெனி இதை வெளியிட்டிருக்கிறது. தென்னிந்திய நெசவு ஊர் ஒன்றில் தொண்ணூறுகளில் பதிவான ராக் இசை, ஜாம் பாணியில் நீண்டு போகும் அதிசயம், விசைத்தறியின் லயம் இந்த இசையின் நரம்புகளில் ஓடுகிறது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். கிட்டார் வின்சென்ட், டிரம்ஸ் குமரேசன் என்று இருந்தது. பேஸ் கிட்டாருக்கு நேரே, பெயர் தெரியாத ஒருவர். அந்தப் பெண் குரலுக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி. கோயிலில் பாடும் கிராமத்துப் பெண்ணாக இருக்கலாமாம். "ங்க" என்று முடியும் ஒரு புனித ஓசையைத் திரும்பத் திரும்ப உச்சரித்து, வாசிப்பவர்களைத் தியான நிலைக்குக் கொண்டுபோகிறாளாம்.

அந்த மந்திரம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். "குமரேசன், ஓடறீங்க. ஓடாதீங்க. இழுத்துப் புடிங்க. வின்சென்ட், நீங்க போங்க, நான் இங்கயே நிக்கறேனுங்க."

டிரம்ஸ்காரர் தாளத்தை விட்டு வேகமாக ஓடினார். பேஸ் வாசித்தவள் அவரை அதட்டினாள். கொங்கு நாட்டில் பிறந்ததால் அதட்டும்போதும் மரியாதை விடவில்லை. அவ்வளவுதான் சங்கதி.

என் மகள் இதை இரண்டு வாரம் கேட்டிருக்கிறாள். அது தமிழ் என்று அவளுக்குத் தெரியவில்லை. அது அம்மா என்றும் தெரியவில்லை.

2

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களில் சிலர், கோயமுத்தூரில் அந்தக் காலத்தில் ராக் இசையா என்று கேட்பீர்கள். இருந்தது. கல்லூரி விழாக்களில் கிட்டார் மாட்டிய பையன்கள் அலறிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எல்லோரும் ஏற்கெனவே உள்ள பாட்டை அப்படியே வாசிப்பார்கள். எவ்வளவு அச்சு அசலாக வாசிக்கிறானோ அவ்வளவு கைதட்டல்.

வின்சென்ட் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவன். சனிக்கிழமைகளில், கேட்ட பாட்டை காசெட்டில் பதிந்து கொடுக்கும் கடை ஒன்றில் வேலை செய்தான். அந்தக் கடைக்கு ஒரு ஹாஸ்டல் பையன், அமெரிக்காவில் இருந்த அவன் மாமா அனுப்பிய காசெட் ஒன்றைக் கொண்டுவந்தான். ஏதோ ஒரு குழுவின் மேடைக் கச்சேரியைக் கூட்டத்தில் நின்று யாரோ பதிந்தது. பக்கத்தில் ஒருவர் இருமுவது கூடக் கேட்கும். காசெட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. கெட்டுப்போன காசெட் என்றுதான் முதலில் நினைத்தோம். நாலைந்து முறை கேட்ட பிறகுதான் புரிந்தது. பாட்டு அங்கே ஒரு சாக்கு. பாடி முடித்துவிட்டு அந்தக் குழுவின் மூன்று பேரும் தெரியாத இடத்துக்குக் கிளம்புகிறார்கள். ஒருவர் ஒரு பக்கம் திரும்பினால் மற்றவர் அதைக் காதால் பிடித்துக்கொண்டு கூடவே திரும்புகிறார். எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் வாசித்தால் வேறு மாதிரி வரும். அதனால்தான் அந்த மாதிரிக் குழுக்கள் ரசிகர்களைப் பதிவு செய்துகொள்ள விட்டன. ரசிகர்கள் அந்தக் காசெட்டுகளை ஊர் ஊராக மாற்றிக்கொண்டார்கள். அப்படிக் கை மாறி வந்த ஒன்றுதான் கோயமுத்தூரில் எங்கள் தலையில் விழுந்தது.

நான் கோயிலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தேன். குழுவில் பேஸ் வாசித்த அண்ணன் வளைகுடா போய்விட்டார். அவர் விட்டுப்போன கோயில் கிட்டாரைத் தொட ஆள் இல்லை. ஆர்கனில் இடது கை செய்வதைத்தானே இது செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் என் விரல் நுனிகள் காய்த்துப்போயின. பேஸ் கிட்டாரை யாரும் கவனித்துக் கேட்பதில்லை. அது நிற்கும்போதுதான் ஏதோ சரிந்துவிட்டது என்று உணர்வார்கள். இப்படித் தோன்றிய பக்கம் போகும் ஜாம் வாசிப்பில் அது இன்னும் முக்கியம். கிட்டார் தூரமாய்ப் போய்த் தொலைந்தாலும் திரும்பி வர ஒரு வீடு வேண்டும். அந்த வீடு பேஸ்தான்.

குமரேசன் பல்லடத்துக்காரர், வின்சென்ட்டின் கல்லூரித் தோழர். தோட்டம், தறி என்று வசதியான குடும்பம். அவர் மாமாவுக்குக் கருமத்தம்பட்டியில் ஒரு நூல் குடோன் இருந்தது. பங்கு மண்டபத்தில் எங்கள் சத்தம் தாங்காமல் போனதும் அங்கே போனோம். சுற்றிலும் நூல் மூட்டை, எதிரொலி துளியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போவோம். மற்ற நாட்களில் பக்கத்துத் தறிகள் போடும் சத்தத்தில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்றே கேட்காது. விசைத்தறியின் லயம் நரம்பில் ஓடுகிறதாம். தறி நின்ற நாளாகப் பார்த்துத்தான் ஐயா நாங்கள் வாசித்தோம். குமரேசனுக்குத் தறிச் சத்தம் என்றாலே தலைவலி. அதிலிருந்து தப்பத்தான் அவர் டிரம்ஸில் போய் உட்கார்ந்தார்.

அந்தக் குடோனில் ஒரு ஞாயிறு பதிந்ததுதான் இந்தப் பதிவு. மேடையில் ஒரே ஒரு முறை வாசித்தோம். அறிவிப்பாளர் இரண்டு பேர் பெயரைச் சொல்லிவிட்டு, "அவங்க சிநேகிதியும்" என்றார். அடுத்த வருடம் அவிநாசி ரோட்டில் வின்சென்ட்டின் பைக்கை லாரி அடித்தது. அவன் இல்லாமல் அதற்குப் பிறகு குமரேசனும் நானும் ஒரே அறையில் உட்கார முடியவில்லை. எனக்குக் கல்யாணம் ஆயிற்று. விமானம் ஏறினேன்.

3

இந்த நாட்டுக்கு வந்தபோது மனதுக்குள் ஒரு ஆசை. அந்தக் காசெட்டின் ஊருக்கே வந்துவிட்டோம், இனி நேரிலேயே கேட்கலாம் என்று. கேட்கவும் செய்தேன். கோடையில் புல்வெளியில் நாள் முழுக்க நடக்கும் கச்சேரிகளுக்கு மடக்கு நாற்காலியோடு போவேன். கணவர் சேவியருக்கு அந்த இசை பிடிக்காது. கொண்டுபோய் விட்டுவிட்டு, முடிந்ததும் வந்து கூட்டிப்போவார்.

அங்கே ஒவ்வொரு முறையும் நடப்பதைச் சொல்கிறேன். வாசலில் நிற்பவர், வழி தவறிவிட்டீர்களா அம்மா என்பார். உள்ளே போனால் சாயம் போட்ட பனியன் அணிந்த பெரியவர்கள் என்னைப் பார்த்துக் கையைக் கூப்பிக் கண்ணை மூடுவார்கள். எங்கள் வீட்டில் சிலுவை போடுவோமே தவிர யாரும் அப்படிக் கண்ணை மூடி நின்றதில்லை. ஒருவர் என்னிடம் சிதார் வாசிப்பீர்களா என்று கேட்டார். பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறேன் என்றேன். சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்.

ஜெனி பள்ளியில் படிக்கும்போது ராக் குழுவில் சேரப் போனாள். ஆசிரியை அன்பாக, உங்கள் பண்பாட்டிலிருந்து ஏதாவது நடனம் ஆடலாமே என்றார். குழந்தை வீட்டுக்கு வந்து, என் பண்பாடு என்ன என்று கேட்டது. அன்றைக்கே பள்ளிக்குப் போய்க் கத்தியிருக்க வேண்டும். போகவில்லை. புதிதாக வந்தவர்கள் கத்தக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

4

கம்பெனிக்கு எழுதினேன். பதிலாக ஒரு படிவம் வந்தது. கலைஞருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று ஒரு கேள்வி. மனைவி, மகன் அல்லது மகள், வாரிசு, வழக்கறிஞர் என்று கட்டங்கள். நான்தான் அந்தக் கலைஞர் என்பதற்குக் கட்டம் இல்லை. அவர்கள் கணக்கில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள்.

அடையாளச் சான்று கேட்டார்கள். அது இன்னொரு கூத்து. பள்ளிச் சான்றிதழில் நான் அ. ஸ்டெல்லா மேரி. பாஸ்போர்ட் எடுத்தபோது முன்னால் இருக்கும் எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். அருளப்பன் என் அப்பா. இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து காகிதத்தில் நான் அருளப்பன் ஆகிவிட்டேன். மருத்துவர் வரவேற்பறையில் "மிஸ்டர் அருளப்பன்" என்று கூப்பிடுவார்கள். நான் எழுந்தால், உங்கள் கணவர் எங்கே என்பார்கள். என் அப்பா கருமத்தம்பட்டியைத் தாண்டி எங்கும் போகாதவர், அமெரிக்க அலுவலகங்களில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார். குடியுரிமை வாங்கும்போது இந்தத் தொல்லையை ஒழிக்கக் கணவர் பெயரைக் கடைசியில் போட்டு, என் பெயரையும் சுருக்கி, மேரி சேவியர் ஆனேன். இப்போது, நீங்கள் சொல்லும் ஸ்டெல்லா எங்கே என்கிறார்கள்.

கடைசியில் அந்தக் கம்பெனியை நடத்தும் டெரிக் என்பவர் போனில் வந்தார். நல்ல மனிதர் போலத்தான் பேசினார். இந்தப் பதிவை எவ்வளவு நேசிக்கிறார் என்று விளக்கினார். நான் அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். டிரம்ஸ்காரர் அவசரப்பட்டார், நான் கண்டித்தேன் என்றேன். அவர் இரண்டுமாக இருக்கக் கூடாதா என்று கேட்டார்.

"எது இரண்டும்?" என்றேன்.

கண்டிப்பாகவும் இருக்கட்டும், பிரார்த்தனையாகவும் இருக்கட்டும் என்றார். கேட்பவர்களுக்கு அந்த மர்மம்தான் பிடித்திருக்கிறதாம். என் குரலைப் பற்றி, என் வாயிலிருந்து வந்த சொல்லைப் பற்றி, எனக்குப் பாடம் எடுக்கிறார். நான் குரலை உயர்த்தினேன். இத்தனை வருட அமெரிக்க வாழ்க்கையில் ஒரு வெள்ளைக்காரரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் முறை. அவர் குரல் மாறாமல் இன்னொன்று சொன்னார். காசெட்டைக் கொடுத்த டிரம்ஸ்காரரைப் பேட்டி எடுத்தார்களாம். பேஸ் வாசித்தவர் கோயிலிலிருந்து வந்த ஒரு பையன், பெயர் நினைவில்லை என்று அவரே சொன்னாராம். உயிரோடு இருக்கும் ஒரே உறுப்பினர் சொன்னதை நாங்கள் எப்படி மாற்றுவது என்றார்.

நான் போனை வைத்தேன். பெயர் நினைவில்லையாம். அந்தப் பதிவில் நான் நாலு முறை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்.

5

குமரேசனின் எண்ணைத் தேடிப் பிடிக்கச் சிரமப்படவில்லை. பல்லடத்தில் பெரிய கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். கோயமுத்தூரில் இருக்கும் என் அண்ணனிடம் கேட்டதும் கிடைத்தது.

கூப்பிட்டதும் குரலைக் கண்டுபிடித்துவிட்டார். ஏனுங்க ஸ்டெல்லா, சௌக்கியமுங்களா என்று ஆரம்பித்து, வீட்டுக்காரர் சௌக்கியமா, பாப்பா சௌக்கியமா, அங்கே குளிர் எப்படி என்று சுற்றிக்கொண்டே போனார். எங்கள் ஊர் மரியாதை அப்படி. ஒருவரைக் குழியில் தள்ளிவிட்டும் எட்டிப் பார்த்துச் சாப்பிட்டீங்களா என்று கேட்போம். நான் நேராகக் கேட்டேன். பெயர் நினைவில்லை என்று ஏன் சொன்னீர்கள்?

"உங்களுக்கு ஒரு சங்கடமும் வந்துரக் கூடாதுன்னுதானுங்க. கண்ணாலமாகி நல்லபடியா இருக்கறவங்க. பசங்களோட குடோன்ல உக்காந்து வாசிச்சாங்கன்னு இப்ப எதுக்குங்க வெளிய வரணும்?"

"என்ற ஊட்டுக்காரருக்குத் தெரியுமுங்க. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொன்னேன்."

"அப்படிங்களா" என்றார்.

என்னைக் கேட்டீர்களா, ஒரு வார்த்தை கேட்க ஒரு போன் போதுமே என்றேன். பெயரைச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தால் நீங்கள் மறுத்திருக்க முடியாது, அது உங்களுக்குத் தர்மசங்கடம் என்றார். இதற்கு நான் என்ன சொல்வது? என் சார்பில் யோசித்து, என் சார்பில் பயந்து, என் சார்பில் என்னை அழித்துவிட்டு, என் சார்பில் நிம்மதியாகவும் இருந்திருக்கிறார். நேரில் வாங்க, பேசிக்கலாமுங்க என்றார். வருகிறேன் என்றேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் அவர் அழைத்தார் என்று தெரியும். நான் பேச்சுக்குச் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஜெனி வந்தாள். கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் நான். அந்தக் குரல் உன் அம்மாதான் என்று அப்போதுதான் சொன்னேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். நீ என்ன சொல்கிறாய் அதில் என்று கேட்டாள். சொன்னேன். "ஓடாதே, இழுத்துப் பிடி" என்பதை அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்கியதும் சிரித்துவிட்டாள். பத்து நிமிடமாக என்னிடமும் அதையேதானே சொல்லிக்கொண்டு வருகிறாய் என்றாள். பிறகு, அவர்கள் மரியாதையாகத்தானே எழுதியிருக்கிறார்கள், இவ்வளவு கோபம் எதற்கு அம்மா என்றாள்.

அவளிடம்தான் அதிகமாகக் கத்தினேன். அவள் அதற்கு உரியவள் இல்லை. யார் மேலோ வந்தது அது. மரியாதையாக எழுதினால் போதுமா, என் பெயரை எழுத வேண்டாமா, இவ்வளவு நாள் கேட்டாயே, உன் அம்மாவின் மொழி என்று கூடவா காதில் விழவில்லை என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. "நீ எனக்கு வாசித்துக் காட்டியதே இல்லையே. எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். வீட்டுக்கு நான் ஓட்டி வந்தேன்.

6

கிறிஸ்துமஸுக்குக் கோயமுத்தூர் போனோம். அண்ணன், விடம்மா, எதுக்கு இப்ப கிளறிக்கிட்டு என்றான். செத்தவன் பேரும் இருக்கறவன் பேரும் வந்திருக்கிறதே, நம்ம ஊருக்குப் பெருமைதானே என்றான். ஊருக்குப் பெருமை வருவதற்கு நான் எதற்குக் காணாமல் போக வேண்டும் என்று கேட்டேன். சேவியர் கூட வரட்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாடகைக் காரில் பல்லடம் போனேன்.

பண்ணையை ஒட்டிப் பெரிய வீடு. கூடத்துச் சுவரில் அந்த இசைத்தட்டின் அட்டையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். குமரேசன் நரைத்துத் தடித்திருந்தார். வாசல் வரை வந்து கும்பிட்டு அழைத்துப் போனார். அவர் மனைவி சிவகாமி காபியும், எங்கள் பக்கத்துப் போளியான ஒப்புட்டும் கொண்டுவந்து வைத்தார். என் வயதுதான் இருக்கும். குமரேசன் அவரிடம், "இவங்க வின்சென்ட்டுக்குத் தெரிஞ்சவங்க. அமெரிக்காவுல இருக்கறாங்க" என்றார்.

நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். என் முகத்துக்கு நேரே சொல்கிறார்.

வரும் வழியெல்லாம் எதையெதையோ யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சுவரைக் காட்டி, "சிவகாமி, அந்த ரெக்கார்டுல பேசற குரலு என்னுதுங்க" என்றேன். "பேஸ் கிட்டார் வாசிச்சதும் நானுங்க."

சிவகாமி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாலமான புதுசுலயிருந்து அந்தக் காசெட்டைப் போட்டுக் கேட்டுட்டே இருப்பாருங்க" என்று சிவகாமி என்னிடம் சொன்னார். "அந்தக் குரலு ஆருதுன்னு எத்தனயோ தடவ கேட்டேன். கோயில்ல பாடறவங்க, சும்மா வந்தாங்கன்னு சொன்னாரு." இப்போது அவர் பக்கம் திரும்பினார். "எனக்கும் தமிழ் தெரியுமில்லீங்க. கோயில்ல பாடறவங்க எதுக்குங்க உங்களைப் பேரு சொல்லிக் கூப்புட்டு, ஓடாதீங்கன்னு சொல்றாங்க?"

குரல் உயரவே இல்லை.

"நான் வேற என்னென்னமோ நெனச்சுட்டு இருந்தேனுங்க. இத்தன வருசமா" என்றார் சிவகாமி.

கோபத்தோடு போன எனக்கு அந்த இடத்தில் கோபம் இரண்டு மடங்காயிற்று. இப்போது அது எனக்காக மட்டும் இல்லை. எங்களுக்குள் இருந்தது ஒரு பாட்டு. மூன்று பேர் சேர்ந்து வாசித்த ஒரு பாட்டு. அதைச் சொல்லியிருந்தால் இந்தப் பெண்மணி ஒரு மாலைப் பொழுதில் கேட்டு முடித்திருப்பார். சொல்லாமல் விட்டதால் அது கள்ளத்தனமாகி, அந்த அம்மாள் மனதில் இத்தனை வருடம் கிடந்து அரித்திருக்கிறது. எனக்குச் சங்கடம் வரக் கூடாதென்று மறைத்ததாகச் சொன்னாரே, அது பொய். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், பெண்ணோடு சேர்ந்து வாசித்தவன் என்று பேச்சு வருமே என்று தனக்காகத்தான் மறைத்தார். அதை அவரிடமே சொன்னேன். பண்ணை ஆட்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன்.

அவர் மறுக்கவில்லை. ஆமாங்க, எனக்காகத்தான் என்றார். என் அப்பா இருந்த காலத்தில் சொல்ல முடியவில்லை, பிறகு சொன்னால் இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்ற கேள்வி வரும், அதனால் அப்படியே விட்டுவிட்டேன் என்றார்.

சிவகாமி எழுந்து போய்க் கணவருடைய போனை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அந்த வெள்ளைக்காரருக்கு இப்போதே, இங்கேயே பேசி அனுப்புங்கள் என்றார். நாளைக்கு அனுப்புகிறேன் என்றார் குமரேசன். சிவகாமி நகரவில்லை. குமரேசன் குரல் பதிவுப் பொத்தானை அழுத்தி ஆங்கிலத்தில் பேசினார். பேஸ் வாசித்தது ஸ்டெல்லா. முன்பு நான் சொன்னது பொய். அந்தப் பாட்டின் வடிவமே அவளுடையது. வின்சென்ட் தூரமாகப் போனான், நான் தாளம் தவறி ஓடினேன், இரண்டு பேரையும் அவள்தான் பிடித்து நிறுத்தினாள். குரலில் அவள் சொல்வது அதைத்தான்.

பேசி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிவகாமி என்னிடம், ஒப்புட்டு ஆறிப்போச்சுங்க, வேற கொண்டாரட்டுமா என்று கேட்டார். இதையே சாப்பிடுகிறேன் என்றேன். சாப்பிட்டேன். காரில் ஏறியபோது கூட வந்து கதவைச் சாத்தியது சிவகாமிதான்.

7

ஜனவரியில் டெரிக் எழுதினார். இணையப் பக்கத்தை மாற்றிவிட்டார்கள். பேஸ் கிட்டார், ஸ்டெல்லா மேரி அருளப்பன். அப்பா அங்கேயும் போய்விட்டார், போகட்டும். புனித ஓசை பற்றிய பத்தியை எடுத்துவிட்டார்கள். விசைத்தறி லயத்தை எடுக்க மாட்டேன் என்கிறார். அது ஒரு ரசனைக் கருத்தாம். மறுபதிப்பு வந்தால் அட்டையிலும் என் பெயர் வரும் என்கிறார். ஏற்கெனவே விற்றவை விற்றவைதான். இந்த நாட்டில் எத்தனையோ வீடுகளில் பெயர் தெரியாத ஒருவர் அலமாரியில் இருந்துகொண்டிருப்பார். என் குரல் ஓடும்போது யாரோ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வீட்டுக் கதவையெல்லாம் போய்த் தட்ட முடியாது.

ஜெனி தன் நண்பர்களுக்கு அதைப் போட்டுக் காட்டினாளாம். என்னிடம் கேட்டு ஒவ்வொரு சொல்லையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். ஒரு பையன், இதற்கு இன்னும் ஆழமான அர்த்தம் இருக்குமோ என்று கேட்டானாம். மெதுவாக வாசி என்றுதான் அர்த்தம், அதைச் சொல்வது என் அம்மா என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதை என்னிடம் தமிழில் சொல்ல முயன்றாள். பாதியில் ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். நான் திருத்தவில்லை.

போன வாரம், காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் குமரேசன் கூப்பிட்டார். இணையப் பக்கத்தை அவர் மகன் காட்டினானாம். நலம் விசாரிப்பதை வழக்கம்போல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க, ஸ்டெல்லா. நான் பண்ணுனது தப்புதானுங்க."

எங்கள் ஊரில் இதற்கு ஒரே பதில்தான். பரவாயில்லீங்க. யார் காலை மிதித்தாலும், யார் எதை உடைத்தாலும், யோசிக்காமல் வாயில் வந்துவிடும். எனக்கும் நாக்கு வரை வந்தது. அவரும் அதற்காகத்தான் காத்திருந்தார். அவர் மூச்சு விடுவது கேட்டது.

"கேட்டுட்டேனுங்க" என்றேன். "சிவகாமியக் கேட்டேன்னு சொல்லுங்க. வெச்சுடறேன்."

காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.